இவ்விடம் சுகம்: ஒரு சாப்பரின் கடிதமும் படமும் சொல்லாமல் விட்டவை

அந்தக் காலத் தமிழ்க் கடிதம் எங்கிருந்து கிளம்பினாலும் ஒரே மாதிரிதான் தொடங்கும். மேலே பிள்ளையார் சுழி, பக்கத்தில் தேதி, பிறகு "இவ்விடம் நான் சுகம். அவ்விடம் தங்கள் அனைவரின் சுகத்துக்கும் பதில் எழுதவும்." இரண்டாம் உலகப் போரில் கடல் தாண்டிப் போன மதராஸ் சாப்பர்களுக்கு, அதாவது படைக்கு வழி அமைக்கும் பொறியியல் பிரிவுச் சிப்பாய்களுக்கு, இந்த வாய்பாடு கைகொடுத்ததுபோல வேறெதுவும் கைகொடுத்திருக்காது. இருக்கும் ஊரின் பெயரை எழுதக் கூடாது என்பது ராணுவத் தணிக்கையின் முதல் விதி. வெள்ளைக்காரச் சிப்பாய் "எங்கோ ஓரிடத்திலிருந்து" என்று எழுதப் புதிதாகப் பழக வேண்டியிருந்தது. நம்மவருக்கு அந்தச் சிரமமே இல்லை. "இவ்விடம்" என்ற சொல் லிபியாவுக்கும் பொருந்தும், இத்தாலிக்கும் பொருந்தும், பர்மாவுக்கும் பொருந்தும். தணிக்கை அதிகாரியின் கத்தரிக்கு அதில் வேலையே கிடையாது.

இன்று வீட்டுப் பரணிலிருந்து தாத்தாவின் தகரப் பெட்டியை இறக்கும் பேரப்பிள்ளைக்கு இதனால்தான் ஏமாற்றம். நாலைந்து கடிதங்கள் இருக்கும். ஸ்டூடியோவில் எடுத்த ஒரு படம் இருக்கும். ஒரு பதக்கமோ இரண்டோ இருக்கும். கடிதத்தைப் படித்தால் மாட்டு விலை, தங்கை கல்யாணம், மணியார்டர் வந்ததா என்ற விசாரணை. படத்தைப் பார்த்தால் வர்ணத் திரைக்கு முன்னால் விறைப்பாக நிற்கும் ஓர் இளைஞன். போர் எங்கே? அந்த மனிதர் அங்கே என்னதான் செய்தார்?

முதலில் சாப்பர் என்றால் யார் என்று பார்த்துவிடலாம். கோட்டையை முற்றுகையிடும்போது எதிரியின் குண்டுக்குத் தப்பி மதிலை நோக்கி வளைத்து வெட்டிக்கொண்டு போகும் பள்ளத்துக்கு 'சாப்' என்று பெயர். அதை வெட்டுகிறவர் சாப்பர். சென்னையில் 1780 செப்டம்பரில் புனித ஜார்ஜ் கோட்டையில் மதராஸ் பயனியர்கள் என்று இரண்டு கம்பெனிகள், அதாவது சிறு படைப்பிரிவுகள், திரட்டப்பட்டன. அதிலிருந்து வளர்ந்ததுதான் மதராஸ் சாப்பர்ஸ். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பெங்களூருக்குப் போய் அங்கேயே நிலைத்துவிட்டது. இன்றும் அங்கேதான் இருக்கிறது. ராணுவ வட்டாரத்தில் இவர்களுக்குச் செல்லப் பெயர் 'தம்பி'. வடக்கே பல படைகளில் சாதிக்கொரு கம்பெனி, மதத்துக்கொரு கம்பெனி என்று பிரித்து வைத்திருந்தார்கள். இங்கே தமிழரும் தெலுங்கரும், இந்துவும் கிறிஸ்தவரும் முஸ்லிமும், ஊரில் சேரிக்காரர் என்று ஒதுக்கப்பட்டவரும் ஒரே கம்பெனியில் கலந்து நின்றார்கள். சேர்ந்து பாலம் தூக்குகிற வேலையில் அப்படித்தான் முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது.

முள்கம்பி வேலிக்கு அடியில் செருகி வெடிக்க வைக்கும் நீண்ட குழாய்க்கு உலகம் முழுக்க 'பெங்களூர் டார்பிடோ' என்று பெயர் வந்ததற்கும் இவர்களே காரணம். 1912-ல் மதராஸ் சாப்பர்ஸின் கேப்டன் மெக்ளின்டாக் பெங்களூரில் வடிவமைத்தது அது. 1944-ல் நார்மண்டிக் கடற்கரையில் இறங்கிய அமெரிக்கர்கள் கையிலும் அதுவே இருந்தது.

சாப்பரின் வேலையைச் சுருக்கமாகச் சொன்னால், நம் படை போக வழி திறப்பது, எதிரியின் படை வர வழி அடைப்பது. பாலம், சாலை, விமான ஓடுதளம், குடிதண்ணீர் எல்லாம் அதில் அடக்கம். இரண்டாம் உலகப் போரில் இந்தப் பட்டியலின் தலைமேல் ஏறி உட்கார்ந்தது கண்ணிவெடி. அதை அகற்றும் வேலையைக் கிட்டே போய்ப் பார்த்தால்தான், கடிதம் ஏன் ஊமையாக இருக்கிறது என்பது புரியும்.

பெரும்பாலும் இரவில் நடக்கும். முன்னால் ஒருவர் காதில் ஹெட்போன் மாட்டிக்கொண்டு, நீண்ட கம்பின் நுனியில் தட்டுபோல இருக்கும் கருவியைத் தரைக்குச் சற்று மேலே இடமும் வலமும் வீசிக்கொண்டே போவார். உலோகம் இருந்தால் காதில் ஒலி மாறும். இந்தக் கருவியை வடிவமைத்தவர் யோசெஃப் கொசாட்ஸ்கி என்ற போலந்து அதிகாரி. அவருடைய குடும்பம் ஜெர்மானியர் பிடித்திருந்த போலந்திலேயே மாட்டிக்கொண்டிருந்ததால் போர் முழுக்க அவர் பெயரை வெளியே விடவில்லை. எடை சுமார் 14 கிலோ. அதைத் தூக்கிக்கொண்டு குனிந்து நடக்க வேண்டும். ஒலி மாறிய இடத்தில் அடுத்தவர் மண்டியிட்டு, துப்பாக்கி முனையில் மாட்டும் கத்தியான பயனெட்டைச் சாய்வாக மண்ணுக்குள் மெல்லச் செருகிப் பார்ப்பார். செங்குத்தாகக் குத்தினால் கண்ணியின் தலையிலேயே குத்தியதாகிவிடும். முனை எதிலோ தட்டியதும் விரலால் மண்ணை விலக்கி, கீழே இன்னொரு வெடி கட்டிவைத்திருக்கிறதா என்று தடவிப் பார்த்து, பிறகே எடுப்பது. பின்னால் வருபவர் இருபுறமும் வெள்ளை நாடாவை விரித்துக்கொண்டே வருவார். நாடாவுக்குள் கால் வைத்தால் உயிர், வெளியே வைத்தால் அவரவர் தலையெழுத்து.

இந்தக் கருவியையும் ஏமாற்ற ஜெர்மானியர் மரப்பெட்டிக் கண்ணிகளைச் செய்தார்கள். உலோகம் ஏறக்குறைய இல்லாததால் காதில் எதுவும் கேட்காது. இன்னொரு வகையை மிதித்தால் முதலில் 'பட்' என்று ஒரு சின்னச் சத்தம். சுமார் நாலு நொடி கழித்து அது இடுப்பளவு உயரத்துக்கு எகிறி வெடித்து நூற்றுக்கணக்கான எஃகுக் குண்டுகளைச் சுற்றிலும் சிதறடிக்கும். நாலு நொடியில் ஒரு மனிதன் என்ன செய்ய முடியும்? ஓடலாம், படுக்கலாம்.

இதை அம்மாவுக்கு எப்படி எழுதுவது? எழுதலாமா என்பது அடுத்த கேள்வி. ஊர்ப் பெயரோடு, படைப்பிரிவின் பெயர், செய்த வேலை, இழப்பு எதையும் எழுத அனுமதி இல்லை. அனுமதி இருந்தாலும் எழுதியிருப்பார்கள் என்று நான் நம்பவில்லை. அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது. யாராவது பள்ளிக்கூடத்து வாத்தியாரோ தபால்காரரோ திண்ணையில் உட்கார்ந்து உரக்கப் படிப்பார். ஊரே கேட்கும். ஆகவே அந்தக் கடிதம் ஒருவருக்கு எழுதியது அல்ல, தெருவுக்கே எழுதியது. அதில் சுகத்தைத் தவிர வேறெதையும் எழுத முடியாது.

தணிக்கை அதிகாரிகள் படித்துப் பார்த்த கடிதங்களிலிருந்து சில வரிகளை எடுத்து, ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து, படையின் மனநிலையை மேலிடத்துக்குத் தெரிவிக்க அறிக்கைகள் தயாரித்தார்கள். அவை லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தில் கட்டுக்கட்டாக இருக்கின்றன. எழுதியவரின் பெயர் இராது, இன்ன பகுதி ஆள், இன்ன பதவி என்ற அளவில் நின்றுவிடும். தமிழில் எழுதிய வரி ஆங்கிலத்தில் மட்டும் பிழைத்திருக்கும் விநோதம் இது. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது குண்டுச் சத்தம் அல்ல, வீட்டுக் கவலை. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு போட்டன. சென்னைப் பட்டணமே பயந்து ஊர் ஊராகக் காலி செய்துகொண்டு ஓடியது. 1943-ல் வங்காளத்தில் பஞ்சம். மற்ற மாகாணங்களிலும் அரிசி விலை ஏறியது. போர்முனையில் இருப்பவனுக்கு ரேஷன் தவறாமல் வந்தது, வீட்டில் இருப்பவர்களுக்குத்தான் சோறு சந்தேகம். யார் யாருக்காகப் பயப்பட வேண்டும் என்ற கணக்கே தலைகீழாகிவிட்டது. தாத்தாவின் கடிதத்தில் அரிசி விலை விசாரணையைப் பார்த்து, போரைப் பற்றி ஒன்றும் எழுதவில்லையே என்று சலித்துக்கொள்கிறவர்கள் இதை மனதில் வைக்க வேண்டும். அரிசி விலையும் போர்ச் செய்திதான்.

போர் முற்ற முற்றக் கடிதமே படமாகவும் மாறியது. தாள் தாளாக விமானத்தில் ஏற்ற இடமில்லை. 1941-ல் மத்திய கிழக்கிலிருந்து பிரிட்டனுக்கு 'ஏர்கிராஃப்' என்று ஒரு முறை தொடங்கியது. எழுதிய தாளைச் சிறு பிலிமில் படம் பிடித்து, பிலிமை மட்டும் அனுப்பி, போய்ச் சேர்ந்த இடத்தில் அச்சிட்டுக் கொடுப்பார்கள். 1,600 கடிதங்கள் கொண்ட பிலிமின் எடை 150 கிராம்கூட இல்லை. சாதாரணக் கடிதங்களாக அனுப்பினால் அது 20 கிலோவுக்கு மேல். அமெரிக்கர்கள் இதையே 1942-ல் 'வி-மெயில்' என்று எடுத்துக்கொண்டார்கள். 37 சாக்கு தபால் ஒரே சாக்கில் அடங்கியது.

சரி, படத்துக்கு வருவோம். போர்க்களத்துப் படங்களில் சாப்பர்களுக்குக் குறைவில்லை. ராணுவத்தின் படப்பிடிப்புப் பிரிவினர் எடுத்த படங்கள் லண்டன் போர் அருங்காட்சியகத்தில் ஏராளம். ஆனால் அவற்றில் எது அதிகம் என்று கவனித்தால் ஒன்று தட்டுப்படும். பாலம்! முடிந்த பாலம், அதன்மேல் ஊர்ந்து போகும் லாரி வரிசை, ஓரத்தில் சிரித்துக்கொண்டு நிற்கும் சாப்பர்கள். பகல் வெளிச்சம், நல்ல கோணம். கண்ணி எடுக்கும் இரவுக்குப் படம் இல்லை. எதிரி நூறு கஜத்தில் இருக்கும்போது யாரும் பல்பு எரிக்க மாட்டார்கள். கண்ணி எடுக்கிற மாதிரி இருக்கும் பகல் படங்களைக் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்ப்பது நல்லது. சுற்றி நிற்பவர்கள் நிதானமாக வேடிக்கை பார்த்தால் அது பயிற்சி அல்லது படத்துக்காகச் செய்து காட்டியது.

பாலத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. டொனால்ட் பெய்லி என்ற பிரிட்டிஷ் பொறியாளர் போரின் தொடக்கத்தில் வரைந்த இரும்புப் பாலம் போரின் போக்கையே மாற்றியது. பத்தடி நீளச் சட்டம் ஒன்றுக்குச் சுமார் 260 கிலோ. ஆறு பேர் கம்பு கொடுத்துத் தூக்கலாம், கிரேன் தேவையில்லை. சட்டத்தோடு சட்டத்தை ஆணி செருகிக் கோத்துக்கொண்டே போய், உருளைகளின் மேல் வைத்து அக்கரையை நோக்கித் தள்ளுவார்கள். முன்னால் கனம் குறைந்த 'மூக்கு' ஒன்றை மாட்டியிருப்பார்கள், பாதி ஆற்றில் தலைகுப்புறக் கவிழாமல் இருக்க.

1943 டிசம்பரில் இத்தாலியின் மோரோ ஆற்றில் 8வது இந்திய டிவிஷன் சாப்பர்களுக்கு ஒரு வினோதமான சிக்கல். நம் கரையில் பாலத்தைக் கோத்துத் தள்ள இடமே இல்லை. ஆகவே சாமான்களைச் சுமந்துகொண்டு ஆற்றைக் கடந்து, எதிரி இருக்கும் பக்கத்திலிருந்து நம் பக்கம் நோக்கிப் பாலத்தைக் கட்டினார்கள். அதற்கு வைத்த பெயர் 'இம்பாசிபிள் பிரிட்ஜ்', ஆகாத பாலம். பர்மாவில் 1944 டிசம்பரில் சிந்த்வின் ஆற்றின் குறுக்கே கலேவாவில் மிதவைகள்மேல் போட்ட பாலம் 1,154 அடி. அந்தக் காலத்தில் அந்த வகையில் உலகிலேயே நீளமானது. அங்கே சாலை போடக் கல் கிடையாது. சாக்குத் துணியைத் தாரில் தோய்த்துப் பாய்போல விரித்து, ஒன்றன்மேல் ஒன்று விளிம்பு படியும்படி ஒட்டிச் சாலையாக்கினார்கள். சணல் நம் நாட்டுச் சணல். மழைக் காலத்தில் அது கிழிவதும் மறுநாள் ஒட்டுப்போடுவதும் வழக்கம். ஒட்டுப்போடுகிறவரை யாரும் படம் எடுப்பதில்லை.

கடிதத்திலும் இல்லை, படத்திலும் இல்லை என்றால் அந்த வேலை எங்கேதான் பதிவானது? இரண்டு இடங்களில். ஒன்று, ஒவ்வொரு கம்பெனியும் நாள்தோறும் எழுதிய போர்க் குறிப்பேடு. இடம், நேரம், வேலை, இழப்பு என்று நாலு வரியில் முடியும். பலவும் லண்டனுக்குப் பக்கத்தில் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் கிடைக்கின்றன. இன்னொன்று, வீரப் பதக்கம் கொடுக்கும்போது எழுதிய பாராட்டுரை. மற்ற காகிதங்களெல்லாம் மறைத்ததை இது ஒன்றுதான் வாய்விட்டுச் சொல்லும்.

பிரேமீந்திர சிங் பகத்தின் பாராட்டுரை அப்படி ஒன்று. பம்பாய் சாப்பர்ஸில் இருந்த 22 வயது செகண்ட் லெப்டினன்ட். 1941 ஜனவரி கடைசியில் அபிசீனியாவில் (இன்றைய எத்தியோப்பியா) பின்வாங்கிய இத்தாலியரைத் துரத்தும் படையின் முதல் வண்டியில் அவர். நாலு நாள், 55 மைல், 15 கண்ணிப் புலங்கள். விடியலிலிருந்து அந்தி வரை வேலை. அவர் போன வண்டி இரண்டு முறை வெடித்து உடனிருந்தவர்கள் அடிபட்டார்கள். மூன்றாம் முறை பதுங்கியிருந்தவர்கள் சுட்டார்கள். வெடியில் ஒரு காதின் சவ்வு கிழிந்தது. மாற்று ஆள் அனுப்புகிறோம் என்றபோது, இந்த வேலை இப்போது எனக்குத்தான் பழகியிருக்கிறது, நானே முடிக்கிறேன் என்று மறுத்துவிட்டார். விக்டோரியா கிராஸ் கிடைத்தது. அந்தப் போரில் அதைப் பெற்ற முதல் இந்திய அதிகாரி அவரே. பிற்காலத்தில் லெப்டினன்ட் ஜெனரல் ஆனார்.

இன்னொருவர் நம்மவர். சுபேதார் சுப்பிரமணியன், மதராஸ் சாப்பர்ஸ், 11வது ஃபீல்ட் பார்க் கம்பெனி. 4வது இந்திய டிவிஷனோடு வட ஆப்பிரிக்காவிலிருந்து இத்தாலி வந்து சேர்ந்த கம்பெனி அது. 1944 பிப்ரவரி 15-ல் காசினோ மலைமேல் இருந்த மடாலயத்தை நேச நாட்டு விமானங்கள் தரைமட்டமாக்கின. அடுத்த மூன்று நாளும் அந்த டிவிஷன் மலையேறிப் பார்த்து முடியாமல் நின்றது. பிறகு மழையும் பனியும். அடுத்த தாக்குதல் மார்ச் 15 வரை தள்ளிப்போனது. காசினோ போரைப் பற்றிய பெரும்பாலான விவரிப்புகளில் இந்த மூன்று, நான்கு வாரத்துக்கு ஒரே ஒரு வரிதான்: மழையால் போர் நின்றது. சாப்பருக்கு நிற்கவில்லை. சேற்றில் புதைந்த வழிகளைத் திறந்துவைக்க வேண்டும், விட்டுப்போன கண்ணிகளைப் பொறுக்க வேண்டும், மலைமேல் டாங்கி ஏறத் தடம் வெட்ட வேண்டும்.

அந்த இடைவெளியில் ஒரு நாள் பிப்ரவரி 24. காசினோவுக்குத் தென்கிழக்கே மின்யானோ என்ற ஊர்ப் பக்கம் கண்ணி அகற்றிக்கொண்டிருந்தது சுப்பிரமணியனின் குழு. உடனிருந்தவர்களுக்குப் பக்கத்திலேயே கண்ணி ஒன்று வெடிக்கப் போகிறது என்று தெரிந்த கணத்தில், அவர் அதன்மேல் விழுந்து உடம்பால் மூடிக்கொண்டார். அவர் இறந்தார், சுற்றி இருந்தவர்கள் பிழைத்தார்கள். ஜார்ஜ் கிராஸ் வழங்கினார்கள். அந்தப் பதக்கம், பழைய பதக்கம் ஒன்றுக்கு மாற்றாக அல்லாமல், நேரடியாக வழங்கப்பட்ட முதல் இந்தியர் என்று அவரைச் சொல்வது வழக்கம்.

பகத்துக்கு விக்டோரியா கிராஸ், சுப்பிரமணியனுக்கு ஜார்ஜ் கிராஸ். ஏன் இந்த வேறுபாடு? விக்டோரியா கிராஸ் எதிரியின் முன்னிலையில் காட்டிய வீரத்துக்கு. ஜார்ஜ் கிராஸ் எதிரி நேரில் இல்லாத இடத்தில் காட்டிய வீரத்துக்கு. இரண்டும் சமமான மரியாதைதான் என்று விதி சொல்கிறது. ஆனால் கண்ணிவெடியைப் பொறுத்தவரை இந்தப் பிரிவினை எனக்கு எப்போதும் சற்று விசித்திரமாகவே படும். எதிரி மலைக்கு அப்பால் போய்ப் பல நாள் ஆகியிருக்கலாம். அவன் புதைத்துவிட்டுப் போனது அங்கேயே காத்திருக்கிறது. அதற்குச் சாப்பாடு வேண்டாம், தூக்கம் வேண்டாம், சம்பளம் வேண்டாம். இதைவிட நேருக்கு நேரான எதிரி வேறு எது?

சரி, அந்தத் தகரப் பெட்டியை என்ன செய்வது? கையில் இருப்பதைச் சரியாகப் பார்த்தாலே பாதி வேலை முடியும். கடிதத்தைவிட உறைக்குத்தான் விஷயம் அதிகம். பெரும்பாலும் தபால்தலை இருக்காது. மேலே ஒரு மூலையில் ஆங்கிலத்தில் மூன்று எழுத்து, 'போர்ப் பணியில்' என்பதன் சுருக்கம். ஊதா அல்லது சிவப்பு மையில் தணிக்கை முத்திரை, அதன் குறுக்கே அவசரமாகப் போட்ட ஒரு கையெழுத்து. பக்கத்தில் வட்ட அஞ்சல் முத்திரை: நடுவில் தேதி, சுற்றி 'எஃப்.பி.ஓ.' என்று ஓர் எண். ஊர்ப் பெயர் இல்லை என்று எறிந்துவிடக் கூடாது. களத் தபால் நிலையங்கள் படையோடு நகர்ந்தவை. இன்ன எண் இன்ன மாதத்தில் எங்கே இருந்தது என்று தபால்தலை சேகரிப்பவர்கள் பொறுமையாகப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள்.

படத்தில் முகத்தைப் பார்த்த பிறகு தோளைப் பாருங்கள். சிவப்புக் கழுகு என்றால் 4வது இந்திய டிவிஷன். பத்திரிகைக்குப் போன படங்களில் தோள் சின்னத்தைத் தணிக்கையில் சுரண்டியிருப்பார்கள், வீட்டுக்கு வந்த ஸ்டூடியோ படத்தில் அது தப்பியிருக்கலாம். கறுப்பு வெள்ளைப் படத்தில் சிவப்பு எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியாது, கழுகு தெரியும். பதக்கத்தில் ரிப்பன் நிறம் பேசும். பச்சை, வெள்ளை, சிவப்புக் கோடுகள் இருந்தால் இத்தாலி. மணல் நிறத்தில் நடுவே சிவப்பு என்றால் ஆப்பிரிக்கா. பிரிட்டிஷ் வீரர்களுக்குக் கொடுத்த அந்தப் போர்ப் பதக்கங்களில் பெயர் பொறிக்கவில்லை. இந்திய வீரர்களுக்குக் கொடுத்தவற்றில் எண், பதவி, பெயர் என்று பலவற்றில் பொறித்திருந்தார்கள். வட்டப் பதக்கமானால் விளிம்பிலும், நட்சத்திரமானால் பின்பக்கமும் பாருங்கள். எண்ணெய் தேய்த்துப் பளபளப்பாக்க வேண்டாம், எழுத்து தேய்ந்துவிடும்.

எண் கிடைத்தால் கம்பெனி கிடைக்கலாம். கம்பெனி கிடைத்தால் அதன் போர்க் குறிப்பேட்டைத் தேடலாம். உறையில் இருக்கும் தேதியை அதில் தேடினால், வீட்டுக்கு "இவ்விடம் சுகம்" என்று எழுதிய அன்று அந்தக் கம்பெனி எந்த ஆற்றங்கரையில், எந்தச் சாலையில், என்ன வேலையில் இருந்தது என்று ஆங்கிலத்தில் நாலு வரி இருக்கும். சில சமயம் பென்சிலில்.